கழுவாத அருகம்புல்

பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளிக்குள் கையை விட்டதும் கட்டைவிரல் கீறலில் சுரீரென்று ஏறியது. ஏறட்டும் என்று மங்கை கையை எடுக்காமல் வைத்திருந்தாள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று கால்நடை டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார், மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்குக் கையுறைக்கா பஞ்சம். ஆனால் எரிந்தால் கொஞ்சம் தேவலை போலிருந்தது. எரிகிற நேரத்துக்காவது வேறெதுவும் தோன்றாது என்று ஒரு நப்பாசை. தோன்றத்தான் செய்தது. மொட்டைமாடி வெயிலில் முயல் கூண்டு மல்லாந்து கிடந்தது, கம்பி வலையின் கட்டங்களில் வெள்ளை முடி சிக்கிக்கொண்டு ஆடியது, நேற்று மத்தியானம் வரைக்கும் அந்த முடிக்குச் சொந்தக்காரன் இதே கூண்டில் பின்னங்காலால் பலகையைத் தட்டிக்கொண்டு கொத்தமல்லிக் காம்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இட்லி என்று பெயர். மகள் வதனி வைத்த பெயர். இன்னொன்று பழுப்பு, அது கருப்பட்டி. இதென்னடி பலகாரக்கடை மாதிரி என்று அன்றைக்குச் சிரித்தவள்தான், இன்று காலையில் கடைக்கு லீவு சொல்ல ஃபோனை எடுத்தபோது, இட்லி செத்துப்போச்சுண்ணே என்று கடைக்காரரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். அதுவும் பொய்தான். இன்றைய பொய்களில் ஆகச் சின்னது அது. அவரும் உடம்பைப் பார்த்துக்கம்மா என்றார், சரிண்ணே என்றாள், அந்தச் சரிண்ணேயில் குரல் கம்மியதைக் கேட்டு நிஜமாகவே காய்ச்சல்தான் என்று அவர் நம்பியிருப்பார். நம்புகிறவர்கள் எல்லாரும் இன்றைக்கு அவள் பக்கமாகவே வந்து சேர்ந்தார்கள், நம்பாத ஒருத்தர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துக் கூண்டின் மூலையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

மூலையில் புல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்ட சின்னத் துணுக்கு, மூன்று இதழாகப் பிரிகிற அருகம்புல் நுனி. அதை மட்டும் பிரஷ் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போவதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் முதலில் பார்த்தது வதனிதான். பல்கூட விளக்காமல் மாடிக்கு ஓடிப்போய் இரண்டுக்கும் குட்மார்னிங் சொல்லாவிட்டால் அவளுக்கு விடியாது. அம்மா, இட்லி எந்திரிக்க மாட்டேங்குது என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள், அது சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்கிற மாதிரி. மங்கை அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு வந்து பார்த்தால் கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டு கிடந்தது. மூக்கோரம் ஒரு கோடு ரத்தம். கருப்பட்டி அந்தப் பக்கத்து மூலையில் காதை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வதனி அழவில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை, ஒரு ஊசி போட்டால் தெருவையே கூட்டுகிறவள், அழாமல் நின்றாள். அப்புறம்தான் கேட்டாள். "அம்மா, சஹானா வீட்டுக்குப் போனேன்ல, அவ முயலுக்குக் கண்ணுல பீளை கட்டியிருந்துச்சு. நான் ரொம்ப நேரம் மடியில வெச்சிருந்தேன். வந்து கை கழுவல. அப்படியே இட்லியைத் தூக்கிட்டேன். அதனாலதானாம்மா?" அந்த அதனாலதானாம்மாவுக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, இல்லடா செல்லம் என்று. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இல்லை என்றால் பிறகு ஏன் என்று கேட்பாள். வதனி கேட்காமல் விடுகிற பிள்ளையில்லை, ஏன் ஏன் என்று கிளைச் சாலையெல்லாம் போய்விட்டு வருவாள். மங்கையின் வாய் தன்பாட்டுக்கு, "பாத்து இருந்திருக்க வேண்டாமா" என்றது. கோபமாகக்கூட இல்லை, பால் பொங்கிவிட்டால் சொல்கிற மாதிரி ஒரு குரலில். சொன்ன கையோடு அவளை உட்காரவைத்துத் தலை பின்னினாள், கணக்குப் பரீட்சை இருக்கிறது என்று வேனில் ஏற்றி அனுப்பினாள். பின்னும்போது அந்தக் கழுத்து ஆடாமல் இருந்தது. வழக்கமாக இழுக்காதம்மா, வலிக்குதும்மா என்று நூறு தடவை சொல்கிறவள் இன்று எவ்வளவு இழுத்தாலும் வலிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அதைக் கவனித்துக்கொண்டேதான் மங்கை ரிப்பன் கட்டினாள்.

முந்தாநாள் சங்கடஹர சதுர்த்தி. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் அன்றைக்கு அருகம்புல் மாலை குவிந்துவிடும், சாத்தின மாலையைக் கழற்றிக் கழற்றி அடுத்த மாலைக்கு இடம் பண்ணவே குருக்களுக்கு நேரம் சரியாக இருக்கும். அவருக்கு இந்த வீட்டு முயல்கள் மேல் ஒரு பிரியம். ஒரு நாள் வதனி சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள், அன்றிலிருந்து சதுர்த்தி தவறாமல் ஒரு மாலை இவர்களுக்கு. "இந்தாம்மா, ஒங்காத்துக் குழந்தைகளுக்கு. பிள்ளையார் சாப்பிட்ட மிச்சம்" என்று நீட்டுவார். நீட்டினால் இரண்டு கையையும் ஏந்தாமல் எப்படி இருப்பது. முந்தாநாளும் ஏந்தினாள். அதற்குக் கொஞ்சம் முன்னால், கோயில் வாசலில் அந்த மாலைகளைக் கட்டி விற்கிற தெய்வானையிடம் மல்லிகை வாங்கினாளே, அப்போதுதான் தெய்வானை புல்லை உதறிக் காட்டினாள். "எப்புடித் தழைஞ்சு கெடக்கு பாருக்கா. முயல் பண்ணைக்குப் பின்னால வாய்க்கா ஓரத்துல அறுத்தது. பாவம், அவுங்களுக்கு முயலெல்லாம் கொத்துக் கொத்தாச் செத்துப்போச்சாம். அங்கனதான் குழி வெட்டி மூடியிருக்காங்க. நாத்தம் தாங்கல. புல்லு மட்டும் என்னமா வந்திருக்கு." அவள் ஊர்க்கதை சொல்கிற மாதிரிச் சொன்னாள், மங்கையும் ஊர்க்கதை கேட்கிற மாதிரி ஐயோ பாவம் என்றாள். கேட்டாளே. காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவு பக்கத்தில் நின்றாள், மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்த கையைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். முயல் பண்ணை என்ற சொல்லில் மனசு ஒரு நொடி நின்றது. நின்றதும் ஞாபகம் இருக்கிறது. பிறகு மணி அடித்தார்கள், தீபாராதனை என்று எல்லாரும் உள்ளே போனார்கள், அவளும் போனாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மகளுக்கு நல்ல படிப்பு, ஓசூரில் தனியாகக் கிடக்கிற வீட்டுக்காரருக்குத் திருச்சிக்கு மாற்றல் என்று வழக்கமான விண்ணப்பங்களைப் போட்டாள். மனசு நின்ற இடத்துக்குத் திரும்பி வரவேயில்லை என்று சொன்னால் அதுவும் பொய். வந்தது. வீட்டில் குழாயடியில் வந்தது.

இந்த வீட்டில் முயலுக்குப் போகிற எந்தப் பச்சையும் கழுவாமல் போகாது. வாங்கின புதிதிலேயே டாக்டரம்மா சொல்லியிருந்தார், முயலுக்கு நோய் வந்தால் பார்க்க நேரமே கொடுக்காது, வராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் மங்கை. முட்டைக்கோஸ் இலை, முள்ளங்கித் தழை, கொத்தமல்லி எல்லாம் கல்லுப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உதறிக் காயவைத்து, பிறகுதான் கூண்டுக்கு. கொசு வராமல் வலை அடித்தாள். வேறு முயலைத் தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போடு என்று வதனிக்குப் பாடம் எடுத்தாள். மருந்துக்கடையில் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீங்கம்மா என்று வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் மிரட்டுகிற அதே வாய். முந்தாநாளும் மாலையை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குத்தான் போனாள், குழாயையும் திறந்தாள், தண்ணீர் வாழைநாரின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அப்போது அந்தப் பண்ணை ஞாபகத்துக்கு வந்தது. கூடவே இது சாமி மேல் கிடந்த மாலை என்பதும் வந்தது. பிரசாதத்தைக் கழுவுவதா. விபூதியை ஊதிச் சாப்பிடுகிற மாதிரி, தீர்த்தத்தைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற மாதிரி, நினைக்கவே ஒரு மாதிரி இருந்தது. அவள் ஒன்றும் பழுத்த பக்தை இல்லை, சதுர்த்தி தவிர மற்ற நாளில் பிள்ளையாரை வண்டியில் போகிறபோதே நெஞ்சைத் தொட்டுக் கடந்துவிடுகிறவள். ஆனாலும் பால் அபிஷேகம் ஆகி, மந்திரம் சொல்லி, அத்தனை பேர் கும்பிட்ட புல்லை உப்புத் தண்ணீரில் போட்டால் சாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி இல்லையா. குழாயை மூடினாள். அருகம்புல் என்றால் இட்லிக்கு உயிர், நாரையும் சேர்த்துக் கடிக்கும். கருப்பட்டி கொஞ்சம் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. இட்லி ஒற்றை ஆளாக அந்த மாலையை இழுத்து இழுத்துத் தின்பதைக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாளே, அதை என்ன செய்வது. சாமியின் மேல் பழி போடலாமா என்று இன்று காலையில் ஒரு நிமிஷம் பார்த்தாள். முடியவில்லை. பிள்ளையாரா தெய்வானை சொன்னதைக் கேட்டார், அவர் பாட்டுக்கு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தார். கேட்டது இவள். எச்சரிக்கை கேட்டது இவள் காது, குழாயை மூடியது இவள் கை. தண்ணீரில் அலசியிருந்தால் மட்டும் அந்தக் கிருமி போயிருக்குமா என்றால் போயிருக்காது, கழுவினால் போகிற கிருமி இல்லை என்று டாக்டரம்மா பொதுவாகச் சொல்லியிருந்தார், அந்தப் புல்லே உள்ளே வந்திருக்கக் கூடாது. அது இன்னும் மோசம். அப்படியானால் தப்பு குழாயடியில் இல்லை, கோயிலில் ஏந்தின கையிலேயே இருக்கிறது. வேண்டாம் சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குருக்கள் என்ன நினைப்பாரோ என்று வாங்கிக்கொண்டாள், அவர் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார், அடுத்த ஆளுக்குக் கொடுத்திருப்பார்.

வாளியைக் கவிழ்த்துவிட்டு இன்னொரு வாளி கரைத்தாள். வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது, வாடைக்கு வந்த நீர்தான் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவின் மேஜையில் துண்டைப் பிரித்தபோது இட்லி காலையில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. அவர் மூக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்லலாம், ஆனால் முயலுக்கு முயல் பரவுகிற ஒரு வைரஸ் மாதிரிதான் தெரிகிறது என்றார். புல்லில் ஒட்டிக்கொண்டு வரும், கூண்டில், துணியில், செருப்பில் வரும், வந்துவிட்டால் மருந்து கிடையாது. வெளிநாட்டில் தடுப்பூசி இருக்கிறது, எனக்குத் தெரிந்து நமக்கு இங்கே கிடைப்பதில்லை, நமக்கு இருப்பது சுத்தம் ஒன்றுதான் என்றார். பிறகு கேட்டார். "புதுசா முயல் எதுவும் வாங்கினீங்களா?" இல்லை டாக்டர். "வெளியிலேருந்து புல்லு, தழை ஏதாவது போட்டீங்களா?" அங்கேதான் மங்கை, "கீரையெல்லாம் உப்புத் தண்ணில கழுவித்தான் டாக்டர் போடுவேன்" என்றாள். சுத்தமான பதில், ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. டாக்டரம்மாவும் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், "எம்பொண்ணுதான் அவ ஃபிரெண்டு வீட்டு முயலைத் தொட்டுட்டுக் கை கழுவாம வந்து இதைத் தூக்கிட்டா" என்று சேர்த்துச் சொன்னாள். பெற்ற பிள்ளையை எடுத்து முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் போய் நின்றுகொண்டாள். டாக்டரம்மா அந்த முயலுக்கு என்ன என்று விசாரித்தார், கண்ணில் பீளை என்றதும், "அது வேற சமாச்சாரம்மா. அதனால இப்படி ஒரே ராத்திரியில போகாது. பாப்பாகிட்ட மறக்காம சொல்லிடுங்க, தன்னாலதான்னு நெனச்சு மருகப் போறா" என்றார். சரி டாக்டர் என்றாள். வீடு வந்து இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டு ஒரு நிமிஷம் என் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம், பரீட்சை நேரத்தில் எப்படி என்று ஒரு சப்பைக்கட்டு, பரீட்சை முடிந்ததும் சாப்பாட்டு நேரம் என்று இன்னொன்று. அந்த நேரமும் போய்விட்டது.

அவளுடைய அம்மாவும் இப்படித்தான். மங்கை சின்ன வகுப்பில் படிக்கிறபோது உடம்பெல்லாம் அம்மை போட்டது. தலைவாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே தெரிந்துவிடும், யாரும் வரமாட்டார்கள், அதற்குத்தான் அந்த வேப்பிலை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அம்மா வேப்பிலையை வாசலில் செருகாமல் உள்ளே படுக்கையடியில் மட்டும் போட்டு, பக்கத்து வீட்டு மல்லிகா எப்போதும்போல் வந்து பாயில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மல்லிகாவுக்கும் வந்தது. அவள் மூக்கு நுனியில் ஒரு பள்ளம் கடைசிவரை மாறவேயில்லை. எங்கேருந்துதான் வந்துச்சோ என்று மல்லிகாவின் அம்மா குழாயடியில் புலம்பியபோது அம்மாவும் ஆமாங்க, எங்கேருந்துதான் வந்துச்சோ என்றாளாம், பெரியவளான பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். தெரிந்த அன்றைக்கு மங்கை அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இவ்வளவு நெஞ்சழுத்தமா ஒரு பொம்பளைக்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அதெல்லாம் ஒன்றும் நெஞ்சழுத்தம் இல்லை என்று இப்போது தெரிந்தது. கேள்வி கேட்கிறார்கள், வாய் திறக்கிறது, உள்ளே இருக்கிறது வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துவிடுகிறது, அவ்வளவு சுலபம். பயந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருப்பட்டி கீழே குளியலறையில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். மூச்சு விட்டது. மூக்கு துடித்தது. வைத்த கேரட் அப்படியே இருந்தது, பசியில்லையா, பயத்தில் தின்னவில்லையா, நோய் ஆரம்பித்துவிட்டதா. இன்னும் சில நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. மாடிப்படி ஏறும்போது வதனியிடம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தாள். டாக்டர் சொல்லிட்டாங்க, உன் தப்பு இல்லை, ஏதோ காத்துல வந்திருக்காம். அழகான வாக்கியம், பிள்ளைக்கும் நிம்மதி, இவளுக்கும் நிம்மதி, காற்றைப் பிடித்து யார் விசாரிப்பது. இரண்டாவது படிக்கட்டில் அந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் மெருகேற்றினாள். மாடிக்கு வந்ததும் அது அவள் அம்மாவின் குரலில் கேட்டது. சீ என்றாகிவிட்டது. ஆனால் நிஜத்தைச் சொல்லிவிட்டு அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது. அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று சஹானாவிடம் ஒரு தடவை பந்தயமே கட்டியிருக்கிறாள் வதனி. தெருவில் வேன் ஹாரன் கேட்டது. மங்கை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் தலையை விட்டு ஏற்கனவே தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

செருப்புச் சத்தம் படியேறி வந்து மாடிக் கதவோடு நின்றுவிட்டது. வதனி உள்ளே வரவில்லை. புத்தகப்பை தோளில் தொங்க, இரண்டு கையையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிலும் பட்டுவிடாமல் நின்றாள். கைகள் மணிக்கட்டுவரை சிவந்து தோல் சுருங்கியிருந்தன.

"கருப்பட்டி உயிரோட இருக்காம்மா?"

"இருக்கு."

"நான் கிட்ட வரல. ஸ்கூல்ல ஒவ்வொரு பீரியடும் போய்க் கழுவினேன், மிஸ்கூடத் திட்டினாங்க. ஆனாலும் வரல." வேனில் வரும்போதே யோசித்து முடித்துவிட்ட குரலில், "நான் அத்தை வீட்டுல போய் இருந்துக்கறேம்மா. கருப்பட்டி பொழைக்கற வரைக்கும். நான் இங்க இருந்தா அதுவும் செத்துடும்" என்றாள்.

மங்கை கூண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. அதைத் தொடவே கூசியது.

"நீ இல்லடா. நான்தான். கோயில் மாலைதான். அந்தப் புல்லு முயல் பண்ணைகிட்ட அறுத்தது, அங்க முயலெல்லாம் செத்துப்போச்சுன்னு தெய்வானை எங்கிட்ட சொன்னா. சொல்லியும் கேக்காம கொண்டு வந்தேன். சாமி மாலைன்னு அலசக்கூட இல்ல. நீ தூக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

வதனியின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. அவள் அழப்போகிறாள் என்று மங்கை நினைத்தாள், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்தாள். வதனி கூண்டைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"தெய்வானையக்கா எப்ப சொன்னாங்க?"

"சதுர்த்தியன்னிக்கு."

"அப்ப காலைல நான் கேட்டப்பவே உனக்குத் தெரியும்."

டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது என்று சொல்லலாம். பாதி உண்மை, பிள்ளை நம்பும். வாயின் வாசல்வரை அது வந்து நின்றது.

"தெரியும்" என்றாள் மங்கை.

பக்கத்து மாடியில் யாரோ காய்ந்த துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் அத்தனை மடிப்பும் முடிகிறவரை கேட்டது.

"டாக்டர்கிட்ட மாலையைப் பத்திச் சொன்னியா?"

"இல்ல."

"ஃபோன் பண்ணிச் சொல்லு. வேற யாராவது போட்டுருவாங்க."

"சரிடா."

வதனி பையைக் கழற்றிக் கதவோரம் வைத்தாள். படியிறங்கத் திரும்பியவள் நின்று, தலையைத் திருப்பாமலேயே சொன்னாள். "கருப்பட்டிக்குச் சாப்பாடு, தண்ணி எல்லாம் இனிமே நான் பாத்துக்கறேன். நீ அதுகிட்ட வராத."

மங்கை சரி என்றாள். அவள் இறங்கிப் போய்விட்டாள், கேட்டிருக்காது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது, கீழே குளியலறைக் கதவை வதனி உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.